முக்கால் மணி நேரச் சாதகம்: வேலைக்குப் போகும் இசைக்காரருக்கு

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வார இறுதியில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பாலக்கோட்டுப் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பு, முகூர்த்த நாளில் தவில். பள்ளிக்கூட வேலை, சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு, வருஷத்தில் சில கோயில் கச்சேரி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இசையை விடாமல் பிடித்திருப்பவர்களில் பலரின் வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. அவர்களுக்காகவே இந்தக் குறிப்பு. முழுநேர வித்வான்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 45 நிமிடம் சாதகம், அதாவது இசைப் பயிற்சி, செய்ய முடிந்தால் வாரத்துக்கு 225 நிமிடம், மாதத்துக்கு 15 மணி நேரம். முழுநேரமாகப் பயிலும் மாணவர் இந்த 15 மணியை நாலைந்து நாளில் முடித்துவிடுவார். அந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. அதனால் எவ்வளவு நேரம் வாசித்தோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தை வாசித்தோம் என்று பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து ஏற்கெனவே நன்றாக வரும் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்தால் மனசுக்குச் சுகமாக இருக்கும், ஆனால் அது சாதகம் ஆகாது. அதற்குத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தப்பு எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள்

அடுத்து வரும் நிகழ்ச்சியிலிருந்து ஒரு உருப்படியை (வாசிக்கப்போகும் பாட்டுகளில் ஒன்றை) எடுத்து, ஒரே ஒரு முறை, நடுவில் நிறுத்தாமல் வாசித்து செல்போனில் பதிவு செய்யுங்கள். போன் ஆறடி தள்ளி, நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் வைத்தால் தவிலும் நாதஸ்வரமும் மைக்கை அடைத்துவிடும், பிறகு சுருதியே தெரியாது. பின்னால் சுருதிப் பெட்டியோ தம்பூரா செயலியோ மட்டும் ஓடட்டும். அசல் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கவே கூடாது. அந்தப் பாட்டிலிருக்கும் பாடகரும் தாளமும் உங்கள் தப்பையெல்லாம் மூடிவிடுவார்கள். வீட்டில் சரியாக வந்தது மேடையில் வராமல் போவதற்கு நாங்கள் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

பதிவை அன்றைக்கே கேட்க வேண்டாம். வாசித்த கையோடு கேட்டால், நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் ஒரு தாளோடு உட்கார்ந்து, தப்பு விழும் இடத்தின் நிமிடம், நொடியைக் குறித்து, பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். சுருதி விலகினால் ‘சு’, காலப்பிரமாணம், அதாவது வேகம், ஓடினாலோ இழுத்தாலோ ‘கா’, விரலோ குரலோ தடுமாறினால் ‘த’, அடுத்தது என்னவென்று மறந்தால் ‘ம’. நாலுக்கும் மருந்து வேறு வேறு. ‘ம’ போட்ட இடத்தை மெதுவாக நூறு தரம் வாசித்தாலும் பயனில்லை, அதற்குத் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பழக வேண்டும். ‘சு’ போட்ட இடத்தை வேகமாக வாசித்து ஓட்டினால் இன்னும் கெடும். அந்த ஸ்வரத்தைத் தனியாக, சுருதியோடு நாலு எண்ணிக்கை நீட்டி நிறுத்தி, பிறகு முன் ஸ்வரத்திலிருந்து அதற்குப் போய்ச் சேர வேண்டும்.

நம் பக்கம் அதிகம் விழுவது ‘கா’. கூட்டம் கூடினால் கை தானாக ஓடும். இதற்கு மெட்ரோனோமை (டிக் டிக் என்று தாளம் தட்டும் செயலியை) இன்னும் வேகமாகத் தட்டவிடுவது பயன்படாது. டிக்கைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் 80 வேகத்தில் (நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை) வாசிக்கிறீர்கள் என்றால் செயலியில் முதலில் 80, அப்புறம் 40, அப்புறம் 20 என்று வையுங்கள். 20-ல் லகுவின் தட்டிலும் (முதல் எண்ணிக்கை) முதல் திருதத்தின் தட்டிலும் (ஐந்தாம் எண்ணிக்கை) மட்டும்தான் டிக் விழும். நடுவிலுள்ள மூன்று எண்ணிக்கையை நீங்களே தாங்க வேண்டும். டிக் வருவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் ஓடுகிறீர்கள். ஒரு வாரம் இதைச் செய்தால் தனி ஆவர்த்தனத்தில் (தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியில்) உடன் வாசிப்பவர் முறைக்கும் தொல்லை பெருமளவு தீரும்.

16 நொடியின் கணக்கு

60 வேகத்தில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 8 நொடி. தப்பு விழும் இடம் இரண்டு ஆவர்த்தனம் என்று வையுங்கள், 16 நொடி. ஐந்து நிமிடப் பாட்டை அரை மணி நேரம் முழுசு முழுசாக வாசித்தால் அந்த இடத்துக்கு ஆறு தரம்தான் போவீர்கள். ஆறிலும் தப்பாக வாசித்தால் தப்பைத்தான் ஆறு தரம் பழகியிருப்பீர்கள். அதே அரை மணியில் அந்த 16 நொடியை மட்டும் எடுத்தால் நூறு தரத்துக்கு மேல் வரும். இடையில் மூச்சு விட்டு யோசித்தாலும் ஐம்பதுக்குக் குறையாது.

ஐம்பதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடாதீர்கள். பதினைந்துக்கு மேல் கை இயந்திரமாகிவிடும், காது கேட்பதை நிறுத்திவிடும். ஓர் இடத்தில் ஆறேழு நிமிடம், வேறொரு பாட்டின் இன்னொரு இடத்தில் ஆறேழு நிமிடம், மறுபடி முதலாவது. திரும்பி வரும்போது கொஞ்சம் மறந்திருக்கும், எரிச்சலாக இருக்கும். அந்த மறதியைத் தாண்டி மறுபடி எடுப்பதுதான் மறுநாளும் நிற்கும்.

வேகம் ஏற்ற ஓர் எளிய முறை உண்டு. தப்பில்லாமல் வரும் வேகத்தில் தொடங்கி, தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் 4 ஏற்றுங்கள். உடைந்தால் 8 இறக்குங்கள். ஒரே வேகத்தில் மூன்று தடவை உடைந்தால் அன்றைக்கு அதுதான் எல்லை. எண்ணை எழுதி வைத்துவிட்டு நிறுத்துங்கள், மறுநாள் அதற்கு 8 குறைவாகத் தொடங்குங்கள். நாலு நாள் ஆகியும் அதே எண்ணில் முட்டிக்கொண்டு நின்றால் பயிற்சி போதாது என்று பொருள் இல்லை. விரல் தப்பு. கீபோர்டில் கட்டைவிரலை அடியில் நுழைக்கும் இடம், வயலினில் கை இறங்கும் இடம், தவிலில் வலது கை விரல்களுக்கும் இடது கைக் குச்சிக்கும் சொல் மாறும் இடம், பாட்டில் மூச்சு எடுக்கும் இடம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதை மாற்றிப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுபடி 60-லிருந்து வாருங்கள்.

இன்னொரு சிக்கல். தனியாக எடுத்தால் சுத்தமாக வருகிறது, பாட்டோடு சேர்த்தால் விழுகிறது. அந்த இடத்துக்குள் நுழையும் வாசலை நீங்கள் பழகவில்லை என்பதுதான் காரணம். அரை ஆவர்த்தனம் முன்னாலிருந்து எடுத்து, அரை ஆவர்த்தனம் பின்னால் வரை கொண்டுபோய் முடியுங்கள்.

பல்லவி பளபளப்பாக, சரணம் கந்தலாக இருப்பவர்கள் நம்மில் அதிகம். எப்போதும் தலையிலிருந்தே தொடங்குகிறோம், நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் புதுப் பாட்டைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். கடைசி வரி, பிறகு அதற்கு முந்தைய வரியும் கடைசி வரியும், இப்படியே பாட்டின் தொடக்கத்தை நோக்கி. மேடையில் பாட்டு போகப்போகத் தெரிந்த ஊருக்குள் நுழைகிற மாதிரி இருக்கும்.

45 நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

முதல் 7 நிமிடம் உடம்புக்கு. பாடுபவர் மந்திர ஸ்தாயியில் (கீழ்ச் சுருதியில்) ‘ஆ’ என்று நீண்ட அகாரம், கீபோர்டு, வயலின்காரர் அலங்காரம் (ஸ்வரப் பயிற்சி) இரண்டு வேகத்தில், தோல் கருவிக்காரர் மெதுவாகச் சொற்கட்டு. இதில் பாட்டு எதுவும் வேண்டாம். அடுத்த 25 நிமிடம் குறித்து வைத்த இரண்டு இடங்கள், மாறி மாறி. பிறகு 8 நிமிடம் அவற்றை முன்பின் வரிகளோடு ஒட்டுவது. கடைசி 5 நிமிடம் ஒரு உருப்படியை மேடை போல, என்ன தப்பு வந்தாலும் நிறுத்தாமல் ஒரு தரம். எழுந்திருக்கும் முன் நாளைக்கு எந்த இடம், எந்த வேகம் என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மறுநாள் முதல் பத்து நிமிடம் என்ன வாசிக்கலாம் என்று யோசிப்பதிலேயே போகும்.

20 நிமிடம்தான் கிடைத்தது என்றால் முழு உருப்படியை விட்டுவிடுங்கள், இடங்களை விடாதீர்கள். 10 நிமிடம் என்றால் ஒரே இடம்.

ஷிஃப்டும் பஸ்ஸும்

வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவர்கள் தினமும் காலை ஆறு மணிக்குச் சாதகம் என்று முடிவெடுத்தால் மூன்றாம் வாரம் அது உடைந்துவிடும். கடிகாரத்தோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் வீடு வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, மதிய ஷிஃப்டில் கிளம்புவதற்கு முன், இரவு ஷிஃப்டில் பகல் தூக்கம் முடிந்த பிறகு. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு குரல் சாதகம் செய்வது வேண்டாத வேலை. தொண்டை வறண்டிருக்கும், சுருதி கீழே இறங்கும், அதைத் தூக்க அழுத்துவீர்கள், இரண்டு நாள் கரகரப்பு. அந்த வாரத்தைப் பாட்டு வரிகள் மனப்பாடத்துக்கும் தாளத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ் ஷாப், மெஷின் ஷாப் போல இரைச்சலான இடத்தில் எட்டு மணி நேரம் நின்று வந்தால் காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அப்போது ஹெட்போன் மாட்டினால் வழக்கத்தைவிடச் சத்தமாக வைப்பீர்கள், மந்தம் இன்னும் நீளும். வேலை நேரத்தில் காதடைப்பான் போடுவது பாதுகாப்பு அதிகாரிக்காக மட்டுமல்ல. காது போனால் இசைக்காரருக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஐந்தாம் பருவத்தில் புழு இராப்பகலாகத் தழை தின்னும் அந்த ஏழெட்டு நாள் கருவியைத் தொடவே முடியாது. அந்த நாட்களில் ஆர்டர் ஒப்புக்கொள்ளாமல் இருக்க, முட்டை வாங்கும்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சும்மா கிடைக்கிறது. கருவி இல்லாமல் செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு மோராவையும் கோர்வையையும் (முடிப்புச் சொற்கட்டுகளை) வாய்க்குள் சொல்வது, பாட்டு வரிகளைத் தாளில்லாமல் எடுப்பது, கீபோர்டின் கார்டு (chord) வரிசையை மனசில் ஓட்டுவது. மனசில் ஓட்டும்போது எங்கே தடங்குகிறதோ, மேடையிலும் பெரும்பாலும் அங்கேதான் தடங்கும். வீட்டுக்கு வந்ததும் எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

பம்பை, உடுக்கைக் கலைஞர்களுக்கு அம்மன் வர்ணிப்புப் பாடல்கள் நீளமானவை. கை வந்துவிடும், வரிதான் போகும். நாலு வரி படித்து, தாளை மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் பார்க்காமல் ஒரு தரம், மூன்றாம் நாள் ஒரு தரம், ஒரு வாரம் கழித்து ஒரு தரம். ஒரே நாளில் இருபது தரம் படிப்பதைவிட இப்படி இடைவெளி விட்டு எடுப்பது தங்கும்.

கருவியைத் தயார் செய்யவே நேரம் போகிறதா?

சாதகம் தடைப்படுவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை, கருவியை எடுத்துத் தயார் செய்யும் வேலைதான். கீபோர்டு பெட்டிக்குள், அடாப்டர் அலமாரியில், ஸ்டாண்டு கட்டிலுக்கடியில் என்றால் பத்து நிமிடம் போச்சு. ஒரு மூலையில் நிரந்தரமாக விரித்து, துணி போட்டு மூடி வையுங்கள். மிருதங்கக்காரருக்குத் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவை ஒட்டிச் சுருதி சேர்க்கவே நேரமாகும். வலந்தலைச் (வலப்பக்கத் தோல்) சொற்களை மட்டும் எடுக்கும் நாளில் ரவையே வேண்டாம். தவிலுக்கு விரல் கூடு மாட்டி, போல்ட்டை முறுக்கி உட்கார வேண்டும். வாடகை வீட்டில் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வார நாளில் மரப்பலகை மேல் ரப்பர் ஷீட் ஒட்டி அதில் விரல் சாதகம் செய்யுங்கள், நாத சாதகத்தை ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். குன்றுக்கும் ஏரிக்கரைக்கும் நம் மாவட்டங்களில் பஞ்சமில்லை.

நாதஸ்வரக்காரர் வாரத்துக்கு ஒரு முறை சீவாளிகளுக்குத் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளுக்கு) தனியாக இருபது நிமிடம் ஒதுக்குவது நல்லது. ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, கச்சேரிக்கு ஆனவை, சாதகத்துக்கு ஆனவை, தூக்கிப் போட வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் சாதக நேரத்தில் பாதியைச் சீவாளியோடு மல்லுக்கட்டுவதில் கழிக்கிறார்கள். ஓசூர்க் குளிரில் விடியற்காலை ஊதினால் சுருதி இறங்கித்தான் நிற்கும். குழல் சூடேறும் வரை கீழ் ஸ்தாயியில் ஐந்து நிமிடம் ஊதிவிட்டுப் பிறகு சரிபாருங்கள், அதற்கு முன்பே சீவாளியை நோண்டாதீர்கள். தோல் கருவியும் இடத்துக்கு இடம் மாறும். ஓசூரில் சேர்த்த சுருதி தருமபுரி வெயிலில் தோல் இறுகி ஏறியிருக்கும், மண்டபம் போன பிறகுதான் கடைசியாகச் சேர்க்க வேண்டும்.

மாதத்தைப் பார்த்துப் பாடம்

வருஷம் முழுக்க ஒரே மாதிரி உழைக்கத் தேவையில்லை. கல்யாணத்துக்கு வாசிப்பவர்களுக்கு ஆடி, புரட்டாசி, மார்கழி காலி. புது ராகம், நீண்ட கீர்த்தனை, புது நடையில் ஒரு தனி ஆவர்த்தனம் என்று காலமெடுக்கும் பாடங்களை அங்கே வையுங்கள். தை, வைகாசி, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் புதுப் பாடம் வேண்டாம், அடுத்த மேடையில் தப்பும் இடங்களை மட்டும் பாருங்கள். அம்மன் கோயிலுக்கு வாசிக்கும் குழுக்களுக்கு இது தலைகீழ், ஆடியும் மாசி மயானக் கொள்ளையும்தான் நெருக்கடி. உங்கள் நோட்டில் போன வருஷ ஆர்டர் தேதிகளைப் பார்த்தால் காலி வாரங்கள் தெரிந்துவிடும். அடிப்படை முறையாக இல்லை என்று உணர்கிற இளையவர்கள் கிருஷ்ணகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரிக்கலாம். செயலியும் வீடியோவும் விரல் வைக்கும் கோணத்தைத் திருத்தாது.

எந்த ஆர்டரை ஒப்புக்கொள்வது

ஓசூர்க் கீபோர்டுக்காரர் ஒருவர் தருமபுரி மண்டபத்தில் ரிசப்ஷனுக்குப் போகிறார் என்று வையுங்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு, செட்டிங்கும் சவுண்ட் செக்கும் ஒன்று, நிகழ்ச்சி மூன்று. மொத்தம் எட்டு மணி நேரம், அதாவது இரண்டு வாரச் சாதகத்தைவிட அதிகம். காசு, கற்றல், அடுத்த வாய்ப்பு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு கிடைத்தால் போகலாம். ‘நம்ம பையன்தானே, ஓசியில் வாசிச்சுடு’ என்கிற அழைப்புகளில் பெரும்பாலும் மூன்றுமே இருக்காது. வருஷத்துக்கு இத்தனைதான் என்று ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் மாமா, சித்தப்பாவிடம் மறுப்பதும் சுலபம்.

புதுப் பாட்டுகளைத் தேர்வதிலும் இதே கணக்குதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் ரிசப்ஷனில் தெலுங்குப் பாட்டும் கன்னடப் பாட்டும் கேட்டுச் சீட்டு வரும். நாற்பதாவது தமிழ்ப் பாட்டை மெருகேற்றும் நேரத்தில் ஐந்து தெலுங்கும் மூன்று கன்னடமும் கையில் வைத்திருந்தால் குழுவுக்கே கூடுதல் ஆர்டர் கிடைக்கும். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, அந்த மொழிக்காரர் ஒருவரிடம் ஒரு தரம் படித்துக் காட்டுங்கள். க, ப, த, ட எங்கே அழுத்தம், எங்கே மென்மை என்று அவர் சொல்வதை வண்ணப் பேனாவில் குறியுங்கள்.

குழு ஒத்திகை

ஆறு பேர் இரண்டு மணி நேரம் கூடினால் பன்னிரண்டு மணி நேரம் செலவு. அதில் யாரும் தன் பாகத்தைக் கற்றுக்கொண்டிருக்கக் கூடாது. பாட்டுப் பட்டியல், ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகரின் கட்டை (சுருதி அளவு), அசல் பாட்டின் எந்தப் பதிவு ஆகியவை மூன்று நாள் முன்னாடியே வாட்ஸாப்பில் போக வேண்டும். ஆண் குரலுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டை, பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பாமல் ஒவ்வொரு பாட்டின் உச்ச வரியைப் பாடச் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். நிகழ்ச்சியன்று டிரான்ஸ்போஸ் பட்டனில் மாற்றிக்கொள்ளலாம் என்பவர் அடுத்த பாட்டுக்கு அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறப்பார்.

ஒத்திகையில் முழுப் பாட்டையும் ஓட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் தொடக்கம், முதல் இடையிசையிலிருந்து சரணத்துக்குள் நுழைவது, முடிப்பு என இந்த மூன்றை மட்டும் இரண்டிரண்டு தரம் எடுத்தால் ஒரு பாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும், இரண்டு மணி நேரத்தில் இருபது பாட்டு பார்த்துவிடலாம். மேடையில் குழு சிதறுவது அநேகமாக இந்த இடங்களில்தான். முடிப்புக்கு யார் கை காட்டுவது என்பதை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், பெரும்பாலும் ரிதம் பேடுக்குப் பக்கத்தில், நிற்கட்டும்.